தாத்தாவின் நெகட்டிவ்களில் வினிகர் வாடை

வணக்கம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கிறது, ஓரங்கள் சுருள்கின்றன, பூஞ்சையா என்று கேட்டிருந்தீர்கள். பூஞ்சை இல்லை. நெகட்டிவ்களின் அடித்தளமான செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் ஈரத்தாலும் சூட்டாலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்குகிறது. தேங்கும் அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதனால் இறுக்கி மூடிய டப்பாவில் விட்டுவைக்காதீர்கள். நல்ல ஃபிலிம் சுருள்களை இன்றே தனியே பிரித்துவிடுங்கள்.

அப்புறம், மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஏ-டி ஸ்ட்ரிப் என்ற, அமிலத்தை நிறத்தால் காட்டும் சோதனைத் தாள் கிடைக்கும். அதை ஃபிலிமோடு சோதனைக்காகக் குறைந்தது ஒரு நாள் மூடி வையுங்கள். நீலமாகவே இருந்தால் பயமில்லை. பச்சைக்குத் திரும்பினால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சுருண்டதை அழுத்தி நேராக்காதீர்கள், படம் இருக்கும் மேல்படலம் உரிந்து வந்துவிடும்.