வாசகர் கேள்வி-பதில்: டி.வி.க்கென்றே எடுத்த படங்கள்

கேள்வி: 1970களில் அமெரிக்க டி.வி.க்கென்றே எடுத்த படங்களில் நடித்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அஞ்சலியாக அந்தப் படங்களுக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்தால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கையில் இருப்பது எந்தப் பிரதி என்பதை. 1971 நவம்பரில் அமெரிக்க டி.வி. நிறுவனமான ஏபிசி ஒளிபரப்பிய ‘டூயல்’ 74 நிமிடப் படம். வெளிநாட்டுத் தியேட்டர்களுக்காகப் பின்னால் காட்சிகளைச் சேர்த்து 90 நிமிடம் ஆக்கினார்கள். பள்ளிப் பேருந்து, ரயில்வே கிராசிங், நாயகன் மனைவியிடம் போனில் பேசுவது எல்லாம் அப்படி நுழைந்தவை. நாயகனாக நடித்த டென்னிஸ் வீவர் 2006-ல் காலமானார். அந்த போன் காட்சியை வைத்து அவர் நடிப்பை எடைபோட்டால், முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறீர்கள். நீளத்தைச் சரிபாருங்கள், எந்தப் பிரதி என்று விமர்சனத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விளம்பர இடைவேளை. ஒன்றரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகப் படத்துக்குக் கிடைத்தது சுமார் 75 நிமிடம்தான். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் பதற்றத்தை ஏற்றித் திரையை இருட்டாக்குவார்கள். விளம்பரம் இல்லாமல் தொடர்ந்து பார்த்தால் கதை அடிக்கடி தடுக்கி விழுவதுபோல் இருக்கும். திரை இருளும் நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை அங்கெல்லாம் இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். படத்தின் வேகம் அப்போதுதான் பிடிபடும்.

கேள்வி: நான் பார்த்த பிரதியில் நடிகர்களின் தலை வெட்டுப்படுகிறது, குரலும் மெலிந்து கேட்கிறது. ஏன்?

பதில்: பழைய டி.வி.க்கான 4:3 (அகலம்:உயரம்) படத்தை அகலத் திரைக்காக 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். க்ளோசப்பை நம்பி எடுத்த படங்களுக்கு இது பெரிய நஷ்டம்: நெற்றி போகும், மோவாய் போகும். குரலுக்குக் காரணம் வேறு. நொடிக்கு 24 ஃபிரேமில் (படச் சட்டத்தில்) எடுத்ததை 25 ஆக ஓட்டியிருப்பார்கள்; வேகம் கூடினால் குரலும் மெலிந்து கீச்சென்று ஒலிக்கும். 74 நிமிடப் படம் 71 நிமிடத்தில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பிரதியை வைத்துக் குரல் நடிப்பைப் பற்றி எழுதாதீர்கள்.

கேள்வி: காலமானவர் என்பதால் குறைகளை மென்மையாகச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். புகழ்மொழி யாருக்கும் பொருந்தும். குறிப்பான ஒரு காட்சி அவருக்கு மட்டுமே பொருந்தும். 2021-ல் மறைந்த சிசிலி டைசன், 1974-ல் வந்த ‘தி ஆட்டோபயாகிராஃபி ஆஃப் மிஸ் ஜேன் பிட்மன்’ படத்தில் 110 வயதுவரை வாழ்ந்த பெண்ணாக நடித்தார். முதுமை ஒப்பனை ஸ்டான் வின்ஸ்டனும் ரிக் பேக்கரும் செய்தது. அந்தப் பாராட்டு அவர்களுக்கு. வெள்ளையருக்கென்று ஒதுக்கிய குடிநீர்க் குழாயை நோக்கிக் கிழவி தனியாக நடந்துபோகும் கடைசிக் காட்சியில் அந்த நடை டைசனுடையது. இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நடை எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதையும் குறிப்பிட்டால், படிப்பவர் அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்வார்.