சம்பளக் கேள்விகள்: நியூ ஜேர்சித் தம்பி மறைக்கிறாரா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் யு.பி.எஸ். பார்சல் வான் ஓடுகிறான். முதல் வருசம் மணித்தியாலத்துக்கு 23 டொலர், இப்போது ஒரு டொலர் கூடி 24. ஆனால் அந்தக் கம்பனிச் சாரதிக்கு வருசம் 170,000 டொலர் என்று மாமா யூடியூப்பில் பார்த்திருக்கிறார். தங்கச்சியின் கலியாணத்துக்குக் காசு கேட்டால், "நாலு வருசம் முடியட்டும் அக்கா" என்கிறான். மறைக்கிறானோ?
– வாசகி, சுன்னாகம்

பதில்: மறைக்கவில்லை பிள்ளை. தம்பி சொல்வது அச்சடித்த ஒப்பந்தத்தில் உள்ள கணக்கு. மாமாவிடம் யூடியூப்பைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கச் சொல்லுங்கோ.

அங்கே சாரதிகளின் சங்கத்துக்கு ரீம்ஸ்ரர்ஸ் என்று பெயர். 2023இல் கம்பனியோடு ஐந்து வருச ஒப்பந்தம் போட்டார்கள். ஏறக்குறைய 340,000 தொழிலாளர்களுக்கான ஒப்பந்தம் அது. வாக்களித்தவர்களில் 86.3 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2028 யூலை 31 வரை செல்லுபடியாகும். புதிதாக வரும் முழுநேரச் சாரதிக்குத் தொடக்கம் 23 டொலர். ஒரு வருசம் முடிய 24, இரண்டு முடிய 25, மூன்று முடிய 30.75. நான்கு வருசம் முடிந்த அன்று உச்சச் சம்பளம். உச்சம் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசப்படும். ஒப்பந்தம் முடியும் காலத்தில் சராசரி 49 டொலராக இருக்கும்.

இப்போது தம்பி நிற்கும் இடத்தைப் பாருங்கோ. முதல் இரண்டு படியும் ஒவ்வொரு டொலர், மூன்றாவது ஐந்தே முக்கால், கடைசிப் படியோ பத்து டொலருக்கும் மேலே. ஏணியின் உயரமெல்லாம் நுனியில்தான். நாலு வருசம் முடியட்டும் என்று அவர் சொல்வதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

வாரம் 40 மணித்தியாலம், 24 டொலர்: 960. வருசத்துக்கு ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும் வரி, வீட்டு வாடகை. நத்தார் நெருங்கும்போது பார்சல் குவியும், ஓ.ரி. (மேலதிக நேர வேலை) ஒன்றரை மடங்கு. அந்த மாதங்களில் கையில் கொஞ்சம் புழங்கும். கேட்பதாக இருந்தால் தை மாதத்தில் கேளுங்கோ. அது சீதனத்துக்கென்றால் எனக்கு எழுத வேண்டாம், கோபம் வரும்.

அந்த 170,000? கம்பனித் தலைவி 2023 ஓகஸ்டில் முதலீட்டாளர்களுக்குச் சொன்ன தொகை அது. முழுநேரச் சாரதி ஒருவருக்கு, ஒப்பந்தம் முடியும் காலத்தில், சம்பளத்தோடு மருத்துவ வசதி, ஓய்வூதியம் எல்லாவற்றையும் கூட்டி வந்த சராசரி. 49 டொலரை 40 மணித்தியாலக் கணக்கில் வருசத்துக்குப் பெருக்கினால் ஒரு இலட்சத்துச் சொச்சம்தான் வரும்.

இன்னொரு குழப்பமும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் எல்லாருக்குமான பொது உயர்வு என்று தனியாக உண்டு: 2023இல் 2.75, பிறகு 75 சதம், 75 சதம், ஒரு டொலர், கடைசி வருசம் 2.25. ஆக ஏழரை டொலர். அது அப்போதே வேலையில் இருந்தவர்களுக்கு. பிறகு ஏணியில் கால் வைத்தவருக்கு ஏணியில் எழுதிய தொகைதான். பொது உயர்வு அவர் ஏறப்போகும் உச்சியைத் தூக்கி வைக்கும், அவ்வளவே.

நான் கூட்டுறவுச் சங்க லொறி ஓடியவன், பிறகு கிளைச் செயலாளர். என் கண்ணுக்கு இந்த ஏணியில் ஒரு கள்ளத்தனமும் தெரிகிறது. அதே வான், அதே பார்சல், புதியவருக்குப் பாதிச் சம்பளம். ஆனாலும் முன்பு இதைவிட மோசம். 2018 ஒப்பந்தத்தில், எவ்வளவு காலம் ஓடினாலும் பழையவர்களின் உச்சத்தைத் தொட முடியாத இரண்டாம் தரச் சாரதிப் பிரிவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை வேண்டாம் என்றது. வாக்களிக்க வந்தவர்கள் போதாது என்று சங்கத்தின் யாப்பைக் காட்டித் தலைமை ஒப்பமிட்டது. கோபம் ஆறவில்லை. 2021 தேர்தலில் புதிய தலைமை வந்தது, 2023இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. தம்பிக்கு உச்சி என்று ஒன்று இருப்பது அந்தக் கோபத்தால்தான்.

எங்கள் அரச சாரதியின் ஏணியையும் பாருங்கோ. 2016 சுற்றறிக்கையில் 25,790 – 10×270 – 10×300 – 10×330 – 12×350 – 38,990. அதாவது மாதம் 25,790 ரூபாவில் தொடங்கி, முதல் பத்து வருசம் வருசத்துக்கு 270 ரூபா, அடுத்த பத்து வருசம் 300 என்று கூடிக்கூடி 38,990இல் முடியும்; உச்சிக்குப் போக 42 வருசம். தொகைகள் பிறகு மாறின. ஆனாலும் எந்தத் திகதியில் எவ்வளவு என்று சாரதிக்கு முன்கூட்டியே தெரியும், அதிகாரியின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அடுத்த கடிதக்காரருக்கு அதுவும் இல்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் பன்னிரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நான் பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம். பார்சலுக்கு இவ்வளவு என்று காசு, பெற்றோல் எங்கள் செலவு. முதலாளி தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கிறார். சங்கம் வைக்கலாமா?
– ஒரு விநியோகத் தம்பி, கொக்குவில்

பதில்: வைக்கலாம். தொழிற்சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். 1999இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. பன்னிரண்டில் ஐந்து பேர் வந்தாலே அந்தக் கணக்குச் சரி, ஆனால் பதிவுக்கு ஏழு பேர் வேண்டுமே. பேசி முடித்ததைக் கூட்டு ஒப்பந்தமாக எழுதி, தொழில் ஆணையாளர் நாயகத்திடம் கொடுத்து, வர்த்தமானியில் வந்துவிட்டால் அது ஒவ்வொருவரின் வேலை நிபந்தனையிலும் சேர்ந்துவிடும்.

முதலாளி முதலில் சொல்லப்போவது, "நீங்கள் என் ஊழியர்களே இல்லை, கொந்தராத்துக்காரர்" என்பது. அதற்கு இப்போதே ஆயத்தமாகுங்கோ. காலையில் எத்தனை மணிக்கு வரச் சொல்லி வாட்ஸ்அப் வருகிறது, எந்தப் பாதை என்று யார் தீர்மானிக்கிறார், லீவுக்கு யாரிடம் கேட்கிறீர்கள், பார்சல் தொலைந்தால் யார் வெட்டுகிறார் – இதெல்லாம் போனில் கிடக்கும். அழிக்காமல் வையுங்கோ. பார்சல் கணக்கில் கூலி வாங்குபவர் என்பதற்காக ஊழியர் சேமலாப நிதி இல்லாமல் போகாது. முதலாளி 12 சதவீதம், நீங்கள் 8. நம்பிக்கை நிதி 3 சதவீதம் முழுக்க அவர் பங்கு.

கேட்கும்போது "கூட்டித் தாருங்கோ" என்று மட்டும் கேட்டு வராதீர்கள். ஒரு வருசம் முடிந்தவருக்கு எவ்வளவு, மூன்று முடிந்தவருக்கு எவ்வளவு, பெற்றோல் விலை ஏறினால் தீவுப் பக்கம் ஓடுபவருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கோ. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, திகதி இருக்க வேண்டும்.

கேள்வி: கடை வானுக்கு மாதச் சம்பளத்தில் சாரதியாக இருக்கிறேன். குறைந்தபட்சம் எவ்வளவு தரவேண்டும்? ஓ.ரி. காசுக்கும் சேமலாப நிதி உண்டா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது, 2026 சனவரியில் இருந்து 30,000. ஓ.ரி.க்குச் சேமலாப நிதி இல்லை. அதனால்தான் சில முதலாளிமார் அடிப்படையை அப்படியே வைத்துக்கொண்டு ஓ.ரி.யை மட்டும் தாராளமாகத் தருகிறார்கள். சம்பளச் சிட்டையில் முதலாவது வரியைப் பாருங்கோ. சிட்டையே தருவதில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.