உள்ளே வந்து உட்காரும் பேக்டோர்

கேள்வி: ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன், சந்தேகமான தளங்கள் பக்கமே போவதில்லை. அப்படியும் பேக்டோர் மால்வேர் என் கம்ப்யூட்டருக்குள் வருமா?

பதில்: வரும். பேக்டோர் என்பது, நமக்குத் தெரியாமல் வெளியாள் நம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி திறந்துவிடும் கள்ள புரோகிராம். பெரும்பாலும் நாமேதான் அதை உள்ளே விடுகிறோம். கிராக் செய்த சாஃப்ட்வேர், பில் என்று சொல்லி மெயிலில் வரும் ஃபைல், இவற்றைத் திறந்தால் நீங்கள் எதிர்பார்த்த வேலையும் நடக்கும், கூடவே இன்னொரு புரோகிராமும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் தானே இயங்கும்படி தன்னைப் பதிவு செய்துகொண்டு, வெளியே இருக்கும் ஒரு சர்வரைத் தொடர்புகொண்டு கட்டளை கேட்கும். இணைப்பு உள்ளிருந்து கிளம்புவதால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் பல நேரம் தடுப்பதில்லை. அப்புறம் பாஸ்வேர்டு, கேமரா, ஃபைல்கள் எல்லாம் அந்த சர்வரை இயக்கும் ஹேக்கர்கள் கையில்.

நல்ல தளம் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2017-இல், கம்ப்யூட்டரில் வேண்டாத ஃபைல்களை நீக்கும் சிகிளீனர் சாஃப்ட்வேரின் அதிகாரப்பூர்வப் பதிப்பிலேயே ஹேக்கர்கள் பேக்டோரைச் சேர்த்துவிட்டார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது இறங்கியது. கொடுமை என்னவென்றால், அதன் டிஜிட்டல் கையொப்பம், அதாவது இது அந்த நிறுவனமே வெளியிட்டது என்பதற்கான அத்தாட்சி, சரியாகவே இருந்தது!

சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள், இதிலேயே மாற்றினால் புதியதும் போய்விடும். ஸ்கேனில் சுத்தம் என்று வந்தாலும் நான் நம்ப மாட்டேன். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துவைத்துவிட்டு, டிஸ்க்கை அழித்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.