முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்

கேள்வி: 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் இரண்டு ஸ்பீக்கரும், அடி ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் வைத்திருக்கிறேன். அறையின் நடுவில் உட்கார்ந்துதான் கேட்பேன். சில பேஸ் சுரங்கள் குமுறுகின்றன, சில காணாமலே போகின்றன. மேடையில் பாடுவதற்கு வாங்கிய மைக் ஒன்று கையில் இருக்கிறது. அதை வைத்து அளந்து, ஈக்வலைசரில் சரிசெய்துவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அந்த மைக் வேண்டாம். பாடகர் மைக் முன்னாலிருந்து வரும் குரலைத் தூக்கிக் கொடுக்கவும், அடி பேஸைக் குறைக்கவும் என்றே செய்யப்பட்டது. நீங்கள் தேடும் கோளாறு அது குறைத்துவிடும் இடத்தில்தான் இருக்கிறது. அளப்பதற்கென்றே செய்யும் அளவை மைக் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியை ஒரே மாதிரி வாங்கும். யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்குகளுக்கு, அந்தந்த மைக்கின் வரிசை எண்ணுக்கென்றே ஒரு திருத்தக் கோப்பு கிடைக்கும். அதை ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் ஏற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

உங்கள் அறையைப் பற்றி, அளக்கும் முன்பே கொஞ்சம் சொல்லிவிடலாம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். 343-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த அலை நிலையாக நின்றுவிடும். சுவரோரம் பெருத்தும், நட்டநடுவில் செத்தும் கிடக்கும். அதன் இரட்டிப்பான 94 ஹெர்ட்ஸ் நேர்மாறு, நடுவில்தான் உச்சம். உங்கள் நாற்காலி அந்த நடுவில் இருக்கிறது! காணாமல் போவதும் குமுறுவதும் ஒரே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்பதால் இரண்டின் அலையும் 56 ஹெர்ட்ஸில் ஒன்றுசேரும், அதையும் கவனியுங்கள்.

நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளி அளந்து பாருங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள். இடது ஸ்பீக்கரைத் தனியாக, வலதைத் தனியாக, அப்புறம் சப்வூஃபரோடு சேர்த்து, மென்பொருள் தரும் சோதனை ஒலியை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். அடியிலிருந்து 'ஊ...' என்று ஏறும் அந்த ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் பீரோ கதவோ ஜன்னல் கண்ணாடியோ 'டர்ர்' என்று அதிரும். நான் அளக்கப் போகும் வீடுகளில் பாதிக் குறை அங்கேயே பிடிபட்டுவிடும். கதவிடுக்கில் மடித்த அட்டையைச் செருகிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளித் தள்ளி இன்னும் சில முறை அளந்து, சராசரி எடுங்கள்.

ஈக்வலைசர் அதற்குப் பிறகுதான். வரைபடத்தில் மேடாக இருப்பதை வெட்டுங்கள். 94-இல் மேடு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் குறுகலாக ஒரு வெட்டு. பள்ளத்தை நிரப்பவே கூடாது. 10 டெசிபல் தூக்க ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு சக்தி தர வேண்டும். நேர் ஒலி கூடும்போது அதை அடித்துப்போடும் எதிரொலியும் கூடவே கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். சப்வூஃபரைச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளந்தால் பள்ளம் தானாகவே குறையும் இடம் ஒன்று அகப்படும்.

300 ஹெர்ட்ஸுக்கு மேலே கை வைக்காதீர்கள். அறையில் அளக்கும் கோடு மேலே போகப் போகச் சரிவதுதான் இயல்பு. அதை நேர்கோடாக்கினால் வயலின் காதைக் கிழிக்கும்.

கேள்வி: அறையின் ஒலியை அளக்கப் போன் ஆப் போதாதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஹாலில் எவ்வளவு சத்தம் என்று தோராயமாகப் பார்க்கப் போதும். பேஸை நம்ப முடியாது. காற்று இரைச்சல் வராமலிருக்கப் பல போன்கள் அடி ஒலியை வடிகட்டிவிடுகின்றன, சத்தத்தையும் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் இணைப்பு) வகை அளவை மைக் வாங்குவதானால், அதைக் கணினியோடு இணைத்து 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் சேர்த்து வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு யூஎஸ்பி மைக்கே வசதி.