பதில்: மல்லி பூக்கவில்லை, வெற்றிலை கருகுகிறது

வணக்கம் சகோதரி. மாடிப்படிக் கூரைக்கடியில் உள்ள மல்லி வெறும் இலையாகத் தழைக்கிறது, மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் வெற்றிலை கருகுகிறது, என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உரமே வேண்டாம், இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

மல்லிக்குத் தினம் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்துத் தழைச்சத்தும் (இலையை வளர்க்கும் நைட்ரஜன் உரம்) கொடுத்தால் இலைதான் வரும். அதை மேற்குச் சுவருக்குக் கொண்டுபோங்கள், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடம், பிறகு மேற்கு. ஒரு சித்திரையில் நான் அவசரப்பட்டு ஒரே நாளில் மாற்றி, பாதி இலையைக் கொட்டவிட்டேன். கார்த்திகையில் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், பங்குனி வாக்கில் மொட்டு பார்க்கலாம்.

வெற்றிலை கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், அகத்தி மர நிழலில் வளர்கிற கொடி. மொட்டை வெயிலில் கருகாமல் என்ன செய்யும்? படிக்கட்டு நிழல் அதற்குச் சரி. தொட்டியைச் சூடான தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

உங்கள் மாடியில் உள்ள கறிவேப்பிலையைத் தொடாதீர்கள், அது இருக்கும் இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

தொட்டியைத் தூக்குமுன் ஒரு ஞாயிறு காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். மார்கழியில் வெயில் தெற்கே சாயும், அப்போது கோடும் நகர்ந்திருக்கும்.