எலும்புத் தூள் வைத்தும் கறிவேப்பிலை வெளுக்கிறது

கேள்வி: அய்யா, எங்களுக்குப் பல்லடம் பக்கம். பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்னால்) ஆறு கறிவேப்பிலை, கொஞ்சம் தக்காளி, கத்திரி இருக்கிறது. ஆனியில் கறிவேப்பிலைத் துளிர் மஞ்சளாக வந்தது. உரக்கடையில் கேட்டதற்கு, "இயற்கை உரம், எல்லாத்துக்கும் கேக்கும்" என்று எலும்புத் தூள் கொடுத்தார்கள். மரத்துக்கு இரண்டு கை வீதம் மூன்று தடவை வைத்தேன். இப்போது துளிர் இன்னும் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. ராத்திரி நாய் வந்து தூரைப் பறித்துப் போடுகிறது. இன்னும் எவ்வளவு வைக்க வேண்டும்? அரை மூட்டை மீதி இருக்கிறது.

பதில்: இனி ஒரு கை கூட வைக்காதீர்கள், அம்மிணி. இளந்துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. எலும்புத் தூளில் இருப்பது மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பும். மணிச்சத்து சுமார் 20 சதம், தழைச்சத்து (நைட்ரஜன்) 3 சதம். இரும்புக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. மணிச்சத்து கூடினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு ஏறுவது இன்னும் குறையும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உங்கள் மண்ணில் எலும்பு கரையுமா என்பதுதான். எலும்பு கரைய மண்ணில் புளிப்பு வேண்டும். கார அமில நிலை (pH) 7-ஐத் தாண்டினால் அது சும்மா கிடக்கும். நம் பக்கம் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) பூமி, 8-க்கு மேல் காட்டுவது சாதாரணம். போதாததற்குச் சப்பைத் தண்ணி (உப்புத் தண்ணி) வேறு பாய்ச்சுகிறோம். ஊட்டி, கோத்தகிரி மண் புளிப்பு மண். அங்கே எலும்புத் தூள் நன்றாக வேலை செய்யும். ஒரு மண் கட்டியைக் காயவைத்து அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மூட்டையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து இரும்புக் கரண்டியில் காய்ச்சுங்கள். எலும்பு என்றால் கருகும், முடி தீய்ந்த வாசம் வரும். வெள்ளையாகவே கிடந்தால் சுண்ணாம்புக்கல் பொடியை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இலையைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும் கடைக்காரரிடம் உரம் வாங்குங்கள், யோசனை வாங்காதீர்கள். மூட்டையில் 'இயற்கை' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் அது உங்கள் மண்ணுக்கு ஏற்றதாகிவிடாது.

இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, சாயங்காலம் துளிர் நனைய அடியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு தடவை. அடித்த பிறகு ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம். அன்னபேதியை வெறுமனே தூரில் கொட்டினால் இந்த மண்ணில் அது உடனே இறுகிப்போகும்.

நான் பல வருஷமாகச் சொல்லி வருவது ஆட்டெருதான். எங்கள் அய்யன் காலத்தில் மூங்கில் படலை இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று மாற்றி மாற்றி நட்டு, ராத்திரி ஆடுகளை அதற்குள் பட்டி அடைப்பார்கள். பட்டி நின்ற இடத்தில் மறு மழைக்குச் சோளம் கரும்பச்சையாக எழும்பும், படல் ஓரம் கோடு போட்டதுபோலத் தெரியும். புழுக்கையோடு கோமியமும் மண்ணில் இறங்குகிறது, மக்கும்போது வரும் புளிப்பு பூட்டிக் கிடக்கும் சத்தை அவிழ்க்கிறது. காங்கயம், தாராபுரம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) இன்றைக்கும் ஆடு மேய்கிறது. எருவை அங்கிருந்து லோடு கணக்கில் வெளியூருக்கு ஏற்றிவிட்டு, நாம் கடையில் பொடி வாங்குகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. பக்கத்துப் பட்டியில் கேளுங்கள். மரத்துக்கு ஒரு கூடை மக்கிய ஆட்டெருவைத் தூரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வட்டமாகப் போட்டு, மேலே காய்ந்த இலையை மூடுங்கள்.

மீதி எலும்புத் தூளைச் சாணக் குழியில் அடுக்கடுக்காகத் தூவி, பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து, மூன்று மாதம் மக்கவிடுங்கள். எலும்பு அங்கே கொஞ்சமாவது கரையும். மேலே மண் போட்டு மூடினால் நாய்த் தொல்லையும் குறையும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூவுங்கள். சரியாக வேகவைக்காத எலும்பில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி இருக்க வாய்ப்புண்டு, மாடு நக்கவும் விடாதீர்கள்.

அப்புறம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பரிசோதித்து, கார அமில நிலை எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். தக்காளிக்கு என்ன வைப்பது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.