கடைக்கு ஆர்.எஃப்.ஐ.டி. டேக் தேவையா? கேள்வி பதில்

கேள்வி (ஆயத்த ஆடைக் கடை நடத்துபவர்): பார்கோடே நன்றாக வேலை செய்கிறது ஐயா. ஆர்.எஃப்.ஐ.டி. எதற்கு?

பதில்: பார்கோடு பொதுவாக ரகத்தை மட்டும் சொல்லும். ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்பது ரேடியோ அலையால் படிக்கப்படும் சிறு சிப் உள்ள சீட்டு. அது ஒவ்வொரு சட்டையையும் தனி எண்ணால் சொல்லும். டேக்கைப் படிக்கும் கையடக்கக் கருவியான ரீடரை அடுக்கின் ஓரமாக நகர்த்தினால் போதும். மடிப்புக்குள் இருப்பதும் அட்டைப்பெட்டிக்குள் இருப்பதும் கணக்கில் வந்துவிடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படிக்கக்கூடிய ரீடர்கள் உண்டு. நேரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் பெரிய லாபம், ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த ஸ்டாக்கை வாரந்தோறும் எடுக்க முடிவதுதான். அடிக்கடி எண்ணாவிட்டால், 40 சைஸ் நீலச் சட்டை 2 இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டும், ரேக்கில் இருக்காது. கிடங்கு மூலையில் பிரிக்காத பெட்டியில் கிடக்கும். கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போய்விடுவார். இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்.

கேள்வி: டேக்குக்கு பேட்டரி மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மளிகைக் கடைக்குச் சரிவருமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பி அனுப்பிவிடும். பானப் பாட்டில்களும் தகர டின்களும் நிறைந்த அலமாரியில் சாதாரண டேக் தடுமாறும். மலிவான பொருளில் டேக்கின் விலையே லாபத்தைத் தின்றுவிடும். 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்டுமாறு தன் மிகப் பெரிய 100 சப்ளையர்களிடம் அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் 2003இல் கேட்டது. எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. ஆடைக் கடைகளில்தான் இது வேரூன்றியது.

கேள்வி: திருட்டு நிற்குமா?

பதில்: குறையும். வாசலில் ரீடர் வைத்தால், பில் போடாத பொருள் அதைத் தாண்டும்போது ஒலி எழும். எந்தப் பொருள், எத்தனை மணிக்கு என்பதும் பதிவாகும். அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுபோனால் ரீடருக்குத் தெரியாது. ஆனாலும் அடுத்த ஸ்டாக் கணக்கில் அந்த ஒன்று குறைவது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி (வாடிக்கையாளர்): வாங்கிய பிறகும் டேக் என்னைப் பின்தொடருமா?

பதில்: நியாயமான கவலை. டேக்கில் உங்கள் பெயர் இல்லை, பொருளின் எண்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த எண் உங்கள் பில்லோடு இணைக்கப்படலாம். விலைச்சீட்டில் இருந்தால் வெட்டி எறியுங்கள். டேக்கை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கும் கட்டளையும் உண்டு. கேட்பவர்களுக்குக் கடைக்காரர்கள் அதைச் செய்து கொடுப்பதுதான் நியாயம்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சைஸும் நிறமும் அதிகமுள்ள ஒரே ஒரு பிரிவில். முதலில் கையால் எண்ணுங்கள், பிறகு ரீடரால் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு அடுத்த பிரிவுக்குப் போங்கள்.